ரிக்‌ஷா இழுத்த எம். ஏ.

கை ரிக்‌ஷா இழுப்பதற்கு உடம்பில் பலம் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் அந்த வண்டியைத் தூரத்திலிருந்து பார்த்தவர்களாகத்தான் இருக்கவேண்டும். உண்மையில் அது தராசு பிடிக்கிற வித்தை. நீண்ட இரண்டு கட்டைகளுக்கு நடுவே நின்று இழுக்கவேண்டும். உள்ளே உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர் சற்றே பின்னால் சாய்ந்துகொண்டால் முன்பக்கம் மேலே தூக்கும். இழுப்பவனின் கால் தரையில் பாவாது. கனம் முன்னால் விழுந்தாலோ மணிக்கட்டு இற்றுப்போகும். இரண்டுக்கும் நடுவே ஒரு நிலை இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, டிராம் தண்டவாளங்களுக்கும் மோட்டார்களுக்கும் நடுவே ஓடவேண்டும்.

லாகூர் கவர்ன்மெண்ட் காலேஜில் ஆங்கில இலக்கியத்தில் எம். ஏ. தேறியவர், சாந்திநிகேதனத்தில் உபாத்தியாயராக இருந்தவர், லண்டன் பி. பி. ஸி.யில் இந்தியர்களுக்காக ஒலிபரப்பியவர். இப்படிப்பட்ட ஒருவர், நாற்பது வயதை நெருங்கும்போது, கல்கத்தா வீதியில் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டார். அவர்தான் ஹிந்தி நடிகர் பல்ராஜ் ஸாஹ்னி.

அந்தக் காலத்து ஹிந்திப் படங்களைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் திலீப்குமார், ராஜ் கபூர், தேவ் ஆனந்த் என்று மூன்று பெயர்களைச் சொல்லி முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். ஸாஹ்னியின் பெயர், பந்தியில் கடைசியாக வந்த விருந்தாளி மாதிரி, யாராவது நினைவுபடுத்தினால்தான் வரும். எனக்கு அவரிடம் இருக்கும் ஈடுபாடு ரசிகனின் ஈடுபாடு மட்டும் அல்ல. அதில் கொஞ்சம் சுயநலமும் உண்டு. வேளைக்குச் சாப்பிட்டுவிட்டு, மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து, பசித்தவனைப் பற்றிக் கதை எழுதுகிற ஜாதி நான். அது எந்த அளவுக்கு நியாயம், எந்த அளவுக்குச் சாத்தியம் என்ற கேள்வி என் தொழிலோடு ஒட்டிக்கொண்டது. இந்தக் கேள்வியைத் தன் உடம்பைக் கொண்டே விசாரித்துப் பார்த்தவர் ஸாஹ்னி.

அவர் 1913-ஆம் ஆண்டு மே மாதம் 1-ந் தேதி ராவல்பிண்டியில் பிறந்தார். ஆரிய சமாஜப் பற்று மிகுந்த வியாபாரக் குடும்பம். பிள்ளைக்கு முதலில் யுதிஷ்டிரன் என்று பெயர் வைத்தார்கள். பிறகுதான் பல்ராஜ் ஆனார். தம்பிக்கு பீஷ்மர் பெயர். அந்தத் தம்பிதான் பின்னாளில் ஹிந்தியில் புகழ்பெற்ற நாவலாசிரியரான பீஷ்ம ஸாஹ்னி. மகாபாரதத்தையே வீட்டில் வளர்க்க நினைத்த தகப்பனாருக்கு ஒரு நடிகரும் ஒரு கதாசிரியரும் கிடைத்தார்கள்!

எம். ஏ. முடித்துக் கல்யாணமும் செய்துகொண்டு, தகப்பனாரின் வியாபாரத்தில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, 1937-இல் மனைவி தமயந்தியுடன் வீட்டை விட்டுப் புறப்பட்டார். லாகூரில் பத்திரிகை நடத்திப் பார்த்தார், நடக்கவில்லை. கல்கத்தா போனார். அங்கிருந்து சாந்திநிகேதனம்; ஹிந்தி சொல்லித்தரும் வேலை. அங்கே நடந்த ஒரு பேச்சை, முப்பது வருஷங்களுக்கு மேல் கழித்து, 1972-இல் டில்லி ஜவஹர்லால் நேரு சர்வகலாசாலையின் பட்டமளிப்பு விழாவில் அவரே மாணவர்களுக்குச் சொன்னார்.

பாடம் நடத்துவதைத் தவிர வேறு என்ன செய்கிறீர் என்று தாகூர் கேட்டாராம். ஹிந்தியில் கதைகள் எழுதுகிறேன் என்று இவர் பெருமையோடு சொன்னார். உம்முடைய தாய்மொழி பஞ்சாபி ஆயிற்றே, அதில் ஏன் எழுதவில்லை என்பது தாகூரின் அடுத்த கேள்வி. இவருக்கு மனத்துக்குள் எரிச்சல். உலகக் கவி என்கிறார்கள், இவ்வளவு குறுகிய புத்தியா என்று தோன்றியது. ஹிந்தி தேசம் முழுவதற்கும் உரிய மொழி, பஞ்சாபி ஒரு மாகாணத்துப் பேச்சு என்று வாதாடினார். தாகூர் விட்டுக்கொடுக்கவில்லை. பிறர் மொழியில் எழுதுகிறவன் எவ்வளவு சம்பாதித்தாலும் அவனுக்குச் சொந்த மரியாதை என்று ஒன்று இராது என்ற பொருளில், சற்றுக் கொச்சையான உவமையே காட்டிக் கடுமையாகச் சொன்னார். குரு நானக் பாடிய மொழியை இளக்காரமாகப் பேசலாமா என்றும் கேட்டார். அன்றைக்கு ஸாஹ்னி சம்மதிக்கவில்லை. ஆனால் முள் உள்ளே தங்கிவிட்டது. அது என்ன செய்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சாந்திநிகேதனத்திலிருந்து சேவாகிராமம், காந்திஜியின் ஆதாரக் கல்வி இயக்கத்தில் பத்திரிகை வேலை. அங்கிருந்து லண்டன். ஒரு மனிதர் மூன்றே வருஷங்களில் தாகூரிடமிருந்து காந்தியிடமும், காந்தியிடமிருந்து பி. பி. ஸி.யிடமும் போய்ச் சேர்ந்தார் என்றால், அவர் எதையோ தேடிக்கொண்டிருந்தார் என்றுதான் அர்த்தம். யுத்த காலத்து லண்டனில் ரஷ்யப் படங்களைப் பார்த்தார், மார்க்ஸைப் படித்தார். யுத்தம் முடிவதற்கு முன்பே ஊர் திரும்பியபோது பொதுவுடைமைக்காரராகத் திரும்பினார்.

பம்பாயில் காலேஜ் நண்பர் சேதன் ஆனந்த் படம் எடுக்கப்போவதாகக் கூப்பிட்டிருந்தார். போனால் பணம் தயாராகவில்லை. அந்தச் சமயத்தில் 1943-இல் தோன்றிய இந்திய மக்கள் நாடக சங்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. வங்காளப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் மடிந்த சமயம் அது. அந்தப் பஞ்சத்தைப் பற்றியே அந்தச் சங்கம் ஒரு படம் எடுத்தது. கே. ஏ. அப்பாஸ் டைரக்ட் செய்து 1946-இல் வெளிவந்த 'தர்த்தி கே லால்'. பல்ராஜும் தமயந்தியும் அதில் நடித்தார்கள். இருவரில் பெரிய நட்சத்திரமாக வருவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தது தமயந்தியைத்தான். பிருத்விராஜ் கபூரின் நாடகக் குழுவில் அவர் நடிப்புக்கு அவ்வளவு பெயர். 1947 ஏப்ரலில், இளம் வயதிலேயே, தமயந்தி இறந்துபோனார். அதே வருஷம் ஆகஸ்டில், பிறந்து வளர்ந்த ராவல்பிண்டி வேறு தேசமாகிவிட்டது.

அடுத்த நாலைந்து வருஷங்களைச் சொல்லும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கட்சியின் மேல் சர்க்காரின் கண் விழுந்திருந்த காலம். ஓர் ஊர்வலத்துக்குப் போய்க் கைதாகி, ஸாஹ்னி பம்பாய் ஆர்தர் ரோடு சிறையில் இருந்தார். அவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்த 'ஹல்சல்' என்ற படம் பாதியில் நின்றது. தயாரிப்பாளர் கே. ஆசிப் லேசுப்பட்டவர் அல்ல. அதிகாரிகளைப் பிடித்து அனுமதி வாங்கிவிட்டார். காலையில் போலீஸ் காவலோடு கைதி ஸ்டூடியோவுக்கு வருவார். வேஷம் போட்டுக்கொண்டு நடிப்பார். மாலையில் திரும்பவும் சிறை. அந்தப் படத்தில் அவருக்கு என்ன வேஷம் தெரியுமா? ஜெயிலர்! இப்படி ஒரு காட்சியை நான் கதையில் எழுதினால், நம்பும்படியாக இல்லை என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

இத்தனைக்கும் அவருக்குக் கேமரா என்றால் குலைநடுக்கம். தம் சினிமா வாழ்க்கையைப் பற்றி எழுதிய புத்தகத்தில் அவரே இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். விளக்குப் போட்டதும் உடம்பு விறைத்து மரமாகிவிடுமாம். கூட இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். 1951-இல் 'ஹம் லோக்' படம் ஓடிய பிறகுதான் கொஞ்சம் தைரியம் வந்தது. அதே வருஷம் குரு தத்தின் 'பாஜி' படத்துக்கு எழுதியும் கொடுத்தார். அப்போது பஸ் கண்டக்டராக இருந்து, பிரயாணிகளைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்த ஒருவரைக் குரு தத்திடம் அனுப்பி, குடிகாரன் மாதிரி நடித்துக்காட்டச் செய்தவரும் இவரே. அந்தக் கண்டக்டர்தான் ஜானி வாக்கர். தனக்கு வராத கலை இன்னொருவனுக்குத் தண்ணீர்பட்ட பாடாக வருகிறது என்பதைக் கண்டுகொள்ளவும் ஒரு பெருந்தன்மை வேண்டும்.

இனி ரிக்‌ஷாவுக்கு வருவோம்.

பிமல் ராய் 'தோ பீகா ஜமீன்' எடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். தலைப்புக்கு இரண்டு பீகா நிலம் என்று அர்த்தம். கதை, சங்கீத டைரக்டர் ஸலீல் சௌத்ரியுடையது. ஸம்பு என்ற குடியானவனுக்கு இருப்பது அந்த இரண்டு பீகாதான். ஜமீன்தார் அந்த இடத்தில் ஆலை கட்ட ஆசைப்படுகிறார். அறுபத்தைந்து ரூபாய் கடனைக் கட்ட வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டு போனால், பொய்க் கணக்கில் அது 235 ரூபாயாக வளர்ந்திருக்கிறது. கோர்ட்டு மூன்று மாதத் தவணை கொடுக்கிறது. ஸம்பு கல்கத்தா போய் ரிக்‌ஷா இழுக்கிறான். ஜமீன் ஒழிப்புச் சட்டங்கள் மாகாணம் மாகாணமாக வந்துகொண்டிருந்த வருஷங்களில், கோர்ட்டிலே கைநாட்டு வைக்கும் குடியானவனின் கதி என்ன என்று ஒரு படம் கேட்டது.

ஸாஹ்னி நல்ல ஸூட்டு அணிந்து, நெட்டையாக, சிவப்பாக, லண்டன் வாடையோடு போய் நின்றதும் பிமல் ராய்க்கு முகம் விழுந்துவிட்டது. தம் ஆட்கள் தவறான ஆளைக் கூட்டிவந்துவிட்டார்கள் என்று நேரடியாகவே சொல்லிவிட்டார். 'தர்த்தி கே லால்' படத்தில் குடியானவனாக நடித்ததை இவர் எடுத்துச் சொன்ன பிறகே மனம் மாறினார். எனக்கு என்னவோ பிமல் ராயின் முதல் சந்தேகம் முழுக்க நியாயம் என்றே தோன்றுகிறது. ஸாஹ்னிக்கும் அப்படித் தோன்றியிருக்கவேண்டும். இல்லாவிட்டால் அவர் ஜோகேஸ்வரிக்குப் போயிருக்கமாட்டார்.

பம்பாயின் புறநகரான ஜோகேஸ்வரியில், உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்த பால்காரர்கள் மாட்டுக் கொட்டகைகளோடு குடியிருந்தார்கள். ஸாஹ்னி அங்கே போய் உட்கார்ந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருப்பார். தலையில் துண்டை எப்படிச் சுற்றுகிறார்கள், எப்படிக் குந்துகிறார்கள், எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்றெல்லாம் கவனித்தார். பிறகு கல்கத்தாவுக்குப் போய், ரிக்‌ஷாக்காரர்களின் சங்கத்தில் சேர்ந்து, வண்டி இழுக்கப் பழகினார்.

பழகியும் நடிப்பு வரவில்லை! படிப்பாளியின் அவஸ்தை அது. துண்டும் வேஷ்டியும் சரியாக இருக்கின்றன, நடை சரியாக இருக்கிறது, உள்ளே எம். ஏ. உட்கார்ந்துகொண்டு மார்க் போட்டுக்கொண்டிருக்கிறது. இது என்னைப் போன்றவர்களுக்கு நன்றாகத் தெரிந்த வியாதி. கிராமத்துப் பேச்சை எழுத்துக்கு எழுத்து சரியாக எழுதிவிட்டு, பேசுகிற ஆளைக் காணோமே என்று தேடுவோம்.

ஒருநாள் படப்பிடிப்புக்கு நடுவே களைத்து, மனம் விட்டுப்போய் உட்கார்ந்திருந்தார். நடுத்தர வயதுள்ள நிஜ ரிக்‌ஷாக்காரன் ஒருவன் பக்கத்தில் வந்து, இங்கே என்ன நடக்கிறது என்று விசாரித்தான். பீகாரி. ஸாஹ்னி படத்தின் கதையை அவனுக்குச் சொன்னார். கேட்கக் கேட்க அவன் கண்ணில் நீர் வழிந்தது. "பாபு, இது என் கதை அல்லவா?" என்றான். அவனுக்கும் ஊரில் இரண்டு பீகா நிலம். அதுவும் ஜமீன்தாரிடம் அடமானத்தில் இருந்தது. மீட்பதற்காகப் பதினைந்து வருஷமாகக் கல்கத்தாவில் வண்டி இழுத்துக்கொண்டிருந்தான். மீட்டுவிடுவோம் என்ற நம்பிக்கை அவனுக்கு இல்லை. பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்து போனான்.

அதற்குப் பிறகு நடிப்புச் சாஸ்திரங்களைத் தூக்கி எறிந்துவிட்டதாக ஸாஹ்னி எழுதியிருக்கிறார். இந்த மனிதனுடைய கதையை உலகத்துக்குச் சொல்லும் பொறுப்பு தன் தலையில் விழுந்திருக்கிறது. தான் தகுதியுள்ளவனோ இல்லையோ, ஒழுங்காகச் சொல்லியாகவேண்டும். இந்த ஒரு நினைப்போடு கட்டையைப் பிடித்தாராம்.

நான் இந்தப் படத்தை, அது வெளிவந்து எத்தனையோ வருஷங்கள் கழித்துத்தான் பார்த்தேன். வேகமாகப் போனால் கூலி அதிகம் என்று வண்டியில் இருப்பவன் ஆசை காட்ட, ஸம்பு ஓட, இன்னும் வேகம், இன்னும் பணம் என்று அவன் கத்த, கடைசியில் சக்கரம் கழன்று விழுகிற காட்சி பிரசித்தமானது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, ஸம்பு நிற்கிற மாதிரி. யாராவது பேசும்போது அவர் தோள் தானாகவே ஓர் அங்குலம் தாழ்கிறது. திட்டுவார்களோ என்று எதிர்பார்த்து எதிர்பார்த்துப் பழகிப்போன தோள். இதை எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. முடிவில் நிலம் ஏலத்தில் போய்விடுகிறது. ஆலை எழும்பிக்கொண்டிருக்கிறது. வேலிக்கு வெளியே நின்று ஒரு பிடி மண்ணை எடுக்கிறான். காவல்காரன் அதையும் கீழே போடச் சொல்கிறான்.

படம் 1953-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் சர்வதேசப் பரிசு பெற்றது. அப்போது புதிதாகத் தொடங்கிய 'பிலிம்பேர்' விருதுகளில் சிறந்த படம், சிறந்த டைரக்டர் இரண்டும் இதற்கே. சிறந்த நடிகர் விருது 'தாக்' படத்துக்காகத் திலீப்குமாருக்குப் போயிற்று. திலீப்குமாரிடம் எனக்குப் பகை இல்லை. இருந்தாலும் அந்த ஆண்டு பரிசைத் தீர்மானித்தவர்கள் ஒரு தடவையாவது கை ரிக்‌ஷாவில் ஏறியிருப்பார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

இதற்குப் பின் அவருக்கு வேலைக்குக் குறைவில்லை. எண்ணிக்கையைப் பார்த்தால் பெருமூச்சு வரும். நிறையப் படங்களில் நல்ல அண்ணன், நல்ல கணவன், நல்ல தகப்பன். இதில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. 1956-இல் தமிழில் 'குலதெய்வம்' வந்தது. மூத்த அண்ணனாக எஸ். வி. சகஸ்ரநாமம்; அண்ணியாகப் பண்டரிபாய். மறுவருஷமே ஏவி. எம். அதை 'பாபி' என்று ஹிந்தியில் எடுத்தபோது, கிருஷ்ணன் - பஞ்சு டைரக்ஷனில், அதே பண்டரிபாய்க்குக் கணவராக ஸாஹ்னி நடித்தார். நாடக மேடையை உயிராக நினைத்த சகஸ்ரநாமத்தின் வேஷம், நாடக மேடையிலிருந்து வந்த இன்னொருவருக்குப் போயிற்று. 'என் தங்கை' படத்தின் கதையை 1959-இல் எல். வி. பிரசாத் 'சோட்டி பஹன்' ஆக்கினார். அதிலும் தங்கைக்காக உருகும் அண்ணன் இவர்தான். பொதுவுடைமைவாதிக்குக் கூட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றும் உத்தியோகம்! கேலி செய்யலாம். ஆனால் அந்தப் படங்களில்கூட அவர் ஓங்கி அழவில்லை. மற்றவர்கள் எல்லோரும் மார்பில் அடித்துக்கொண்டிருக்கும்போது, அவர் ஒருவர் மட்டும் வீட்டு வாடகை கட்டுகிற மனிதர் மாதிரி இருப்பார்.

தேர்ந்து எடுத்தால் இரண்டு மூன்று படங்கள். 1960-இல் வந்த 'அனுராதா'வில் ஊருக்கு உழைக்கும் டாக்டர். பாட்டை விட்டுவிட்டுத் தன்னோடு வந்த மனைவி வீட்டில் வாடுவதைக் கவனிக்கவே மறந்துபோகிறவர். கெட்டவன் அல்லாத ஒரு கணவன் எவ்வளவு கொடுமை செய்ய முடியும் என்பதை இவ்வளவு நயமாக யாரும் காட்டியதில்லை. எழுத்தாளர்களின் மனைவிமார் இந்தப் படத்தைப் பார்க்காமலிருப்பது குடும்ப க்ஷேமத்துக்கு நல்லது. மறுவருஷம் தாகூரின் 'காபூலிவாலா'. பட்டாணியர்கள் வந்துபோகும் ராவல்பிண்டியில் பிறந்தவருக்கு அது பழகிய முகம். 1965-இல் 'வக்த்', பூகம்பத்தில் சொத்தையும் குடும்பத்தையும் இழக்கிற பெரிய வியாபாரி.

தாகூர் குத்திய முள்ளைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அது மெல்ல மெல்ல வேலை செய்தது. படங்களில் சம்பாதித்துக்கொண்டிருந்த காலத்திலேயே ஸாஹ்னி பஞ்சாபியில் எழுதத் தொடங்கினார். குர்முகி எழுத்துள்ள டைப்ரைட்டர் ஒன்று வாங்கிக்கொண்டார். பஞ்சாப் கிராமங்களில் அலைந்தார். எல்லை தாண்டிப் போய், லாகூரையும் ராவல்பிண்டியையும் பார்த்துவிட்டு வந்து, ஒரு பிரயாண நூல் எழுதினார். ரஷ்யப் பிரயாணத்தைப் பற்றி எழுதியதற்குச் சோவியத் நாடு நேரு பரிசு கிடைத்தது. 1969-இல் சர்க்கார் பத்மஸ்ரீ வழங்கியது. ஒரு காலத்தில் எந்தச் சர்க்கார் சிறையில் வைத்ததோ அதே சர்க்கார்தான்.

1970-இல் பம்பாய்க்கு அருகே பிவண்டியில் ஹிந்து - முஸ்லிம் கலகம் நடந்தது. ஸாஹ்னி அங்கே போய், அடிபட்ட முஸ்லிம்களின் நடுவே தங்கினார். அவரோடு தம்பி பீஷ்மும் அந்த ஊருக்குப் போயிருந்தார். எரிந்த வீடுகளைப் பார்த்ததும் தம்பிக்கு 1947-ஆம் வருஷத்து ராவல்பிண்டி ஞாபகம் வந்தது. திரும்பி வந்து எழுத உட்கார்ந்தார். அப்படிப் பிறந்ததுதான் 'தமஸ்' நாவல்.

அண்ணனுக்கும் அதே விஷயம், வேறு வடிவத்தில் வந்தது. மைசூர்க்காரரான எம். எஸ். சத்யு, சொற்பப் பணத்தில், ஆக்ராவில் 'கர்ம் ஹவா' எடுத்தார். பிரிவினைக்குப் பின் பாகிஸ்தான் போக மறுத்து ஆக்ராவிலேயே இருந்துவிட நினைக்கும் ஸலீம் மிர்ஸா என்ற செருப்பு வியாபாரியின் கதை. ஊர் எதிர்ப்புக் கிளம்பவே, பிலிம் போடாத கேமராவோடு ஒரு பொய்ப் படப்பிடிப்புக் கோஷ்டியை வேறொரு மூலைக்கு அனுப்பிக் கூட்டத்தை இழுத்துவிட்டு, நிஜப் படத்தை இந்தப் பக்கம் எடுத்தார்களாம். பிறந்த ஊரை இழந்துவிட்டு வந்த ஹிந்து ஒருவர், பிறந்த ஊரை விடமாட்டேன் என்கிற முஸ்லிமாக நடித்தார்.

ஸலீம் மிர்ஸாவிடமிருந்து ஒவ்வொருவராகப் பிரிந்துபோகிறார்கள். பாங்க்கில் கடன் கிடைப்பதில்லை. வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை. மகளுக்கு நிச்சயித்த கல்யாணம் இரண்டு தடவை முறிகிறது. அவள் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். 1972-இல்தான் ஸாஹ்னி தம் சொந்த மகளைப் பறிகொடுத்திருந்தார். அது தெரிந்துதான் சத்யு அந்தக் காட்சியை எடுத்தார். தெரிந்துதான் ஸாஹ்னி கேமரா முன்னால் நின்றார். தகப்பன் உள்ளே வருகிறார், மகளைப் பார்க்கிறார், ஒன்றும் சொல்வதில்லை. விளக்குப் போட்டால் மரமாகிப் போகிறவர் என்று ஒரு காலத்தில் சிரித்தார்களே, அந்த மனிதர்.

கடைசியில் மிர்ஸாவும் மனம் உடைந்து, ஊரை விட்டுப் புறப்பட்டு விடுகிறார். ரயிலடிக்குப் போகிற ஜட்கா வழியில் ஓர் ஊர்வலத்தில் மாட்டிக்கொள்கிறது. வேலை கேட்டுப் போகும் ஜனங்கள். மகன் இறங்கி அதில் சேர்ந்துகொள்கிறான். தகப்பனும், இப்படித் தனியாக எத்தனை நாளைக்கு உயிர் வாழ்வது என்று சொல்லிவிட்டு, மனைவியை வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்லி வண்டியைத் திருப்பியனுப்பிவிட்டு, கூட்டத்துக்குள் இறங்கி நடக்கிறார்.

ஸாஹ்னி பம்பாயில் இந்தப் படத்துக்குத் தம் குரலைக் கொடுத்து முடித்த மறுநாள், 1973 ஏப்ரல் 13-ந் தேதி, மாரடைப்பால் இறந்தார். அறுபது வயது நிறைய இன்னும் பதினெட்டு நாட்கள் இருந்தன. கலகம் வரும் என்று பயந்து தணிக்கைக்காரர்கள் படத்தை மாதக்கணக்கில் நிறுத்திவைத்திருந்தார்கள். அது வெளிவந்தது 1974-இல்.